மைதானத்துக்கு முதுகு காட்டி

பச்சைக் கழகத்தின் மைதானத்தில், ஆதரவாளர்கள் நின்று பாடுகிற முனைக்கு இனி ஒலிவாங்கி பூட்டப்போகிறார்களாம். முன்பு என்னோடு வேலை செய்து இப்போது மேற்பார்வையாளராகிவிட்ட ஒரு தம்பி தொலைபேசியில் சொன்னான். "அங்கிள், இனிக் கமெராவுக்குக் காதும் வருது. ஆர் என்ன கத்தினது எண்டு அப்பிடியே பதிஞ்சிடும்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காது சில வருடங்களுக்கு முன்பே வந்திருந்தால் ஒருவனுடைய வாழ்க்கை வேறு மாதிரிப் போயிருக்குமோ என்று யோசித்தேன். போயிருக்காது என்றும் தோன்றியது. யோசிக்க யோசிக்க எனக்குக் கோபம்தான் வந்தது.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக என் அனுபவத்தை எழுதித் தரும்படியும் கேட்டான். ஆங்கிலத்தில், ஒரு பக்கத்துக்குள், நல்ல விதமாக எழுத வேண்டுமாம். நல்ல விதமாக எழுத என்னிடம் அதிகம் இல்லை. அதனால் தமிழில், எனக்கு வேண்டிய அளவுக்கு எழுதுகிறேன்.

மெல்பேர்ணில் உதைபந்தாட்ட மைதானங்களில் காவலராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். மஞ்சள் மேற்சட்டை, காதுக்குள் ஒரு வயர், தோளில் ஒரு றேடியோ. "உங்களுக்கென்ன, ஓசியிலை மச் பாக்கலாம்" என்று கொண்டாட்ட வீடுகளில் என்னைப் பகிடி பண்ணுவார்கள். உண்மையைச் சொன்னால் நம்பமாட்டார்கள். வேலைக் காலம் முழுவதிலும் ஒரு கோலைக்கூட நான் கண்ணால் கண்டதில்லை. மைதானத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. பின்னால் என்ன நடந்தாலும் திரும்பக்கூடாது. கோல் விழுந்ததை எதிரே நிற்கிறவர்களின் முகத்தில் தெரிந்துகொள்வோம். வாய்கள் எல்லாம் ஒன்றாகத் திறந்தால் அவர்களுடைய ஆட்கள் அடித்துவிட்டார்கள். கைகள் தலைக்குப் போனால் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியிருக்கிறது. எல்லாரும் ஆட்டத்தைப் பார்க்கும்போது ஒருவன் மட்டும் குனிந்திருந்தால், அவன் ஒளித்துக் கொண்டுவந்த, நிறப்புகை கக்குகிற தீக்குழாயைப் பற்றவைக்கிறான்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் நகரின் மேற்கே ட்ருகனினாப் பக்கம் களஞ்சியசாலைகளுக்குக் காவல் நின்றேன். பிறகு ஒரு சின்னப் படிப்பு, ஒரு லைசென்ஸ், ஒரு சோடி கறுப்புச் சப்பாத்து. பயிற்சி என்று பார்த்தால் அவ்வளவுதான். உண்மையான பயிற்சி ஊரிலேயே முடிந்துவிட்டது. எத்தனை சோதனைச் சாவடிகளில் கையை உயர்த்திக்கொண்டு, முகத்தில் ஒன்றையும் காட்டாமல் நின்றவர்கள் நாங்கள். இங்கே ஒருவன் மூக்குக்கு முன்னால் வந்து நின்று கத்தினாலும் எங்கள் கண் இமைக்காது. நிறுவனத்துக்கு அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. சத்தம் கூடின முனைகளுக்குத் தேடித் தேடித் தமிழர்களைப் போட்டார்கள்.

அப்படிப் போட்டவர் ரொன், எங்கள் காவல் பொறுப்பாளர். இங்கிலாந்தின் வடக்கே பிறந்து, இளமையில் அங்குள்ள மைதானத்துப் படிகளில் நின்று பாடி, அடிபட்டு, இடது புருவத்தில் ஒரு வெட்டுக்காயத்தோடு இந்த நாட்டுக்கு வந்தவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. றேடியோவில்கூட 'தயவு செய்து' இல்லாமல் கட்டளை வராது. "வடக்கு முனை, தயவு செய்து இரண்டு பேர்" என்றால் அங்கே போத்தல் பறக்கிறது என்று அர்த்தம். முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். துடைத்து முடிகிறவரை எவரும் வாய் திறக்கக்கூடாது.

ஒருவனைக் கூட்டத்துக்குள்ளிருந்து வெளியே எடுக்கிற முறையை அவரிடம்தான் படித்தேன். முன்பக்கமாகப் போகாதே, போனால் அவனுக்கு நீயே மேடை போட்டுக் கொடுக்கிறாய் என்பார். பந்து மற்ற முனைக்குப் போகும்வரை பொறுக்க வேண்டும். அப்போது எல்லாக் கண்ணும் அங்கே இருக்கும். மேல்படியிலிருந்து இரண்டு பேர் இறங்க வேண்டும். ஒருவன் ஆளோடு தணிவாகக் கதைப்பான். மற்றவன் அந்த ஆளைப் பார்க்கவே கூடாது, அக்கம் பக்கத்தில் நிற்பவர்களின் கைகளைத்தான் பார்க்க வேண்டும். ஆள் தானாக நகரும்வரை விரல் படக்கூடாது. ஏனென்றால் படியில் நிற்கிறவர்கள் தங்கள் ஆளைச் சும்மா விடமாட்டார்கள். என்ன குற்றம் செய்தவனாக இருந்தாலும் அவனைச் சுற்றிச் சுவர் மாதிரி நிற்பார்கள், துப்புவார்கள், மேற்சட்டையைப் பிடித்து இழுப்பார்கள். அந்தச் சுவருக்குள் போய் வந்ததில் என் வலது தோள் இன்றைக்கும் குளிருக்கு வலிக்கிறது.

இரண்டு கழகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர்கள் வேண்டாம், சட்டை நிறத்தை வைத்துப் பச்சை என்றும் ஊதா என்றும் சொல்கிறேன். இரண்டும் மேற்குப் புறநகரில், ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த தகப்பன்மார் தொடங்கியவை. பேரன்மார் இப்போது இங்கிலாந்துக்காரரின் பாட்டுகளைத் தொலைக்காட்சியில் கேட்டுப் பாடமாக்கிப் பாடுகிறார்கள். அங்குள்ள ஊரின் பெயரை எடுத்துவிட்டு இங்குள்ள றெயில் நிலையத்தின் பெயரைப் போடுவார்கள். ரொன் கேட்டுவிட்டு, "நாங்கள் இதைவிடக் கேவலமாகப் பாடினோம்" என்பார். எதிராளியின் பதாகையைத் திருடிக்கொண்டு வந்து அடுத்த போட்டியில் தலைகீழாகக் கட்டுவது அவர்களுக்குப் பெரிய வீரம். பறிகொடுத்தவர்கள் ஒரு வருடத்துக்குத் தலைகாட்ட மாட்டார்கள்.

ரொன் ஒரு நாள் இங்கிலாந்தில் கறுப்பு வீரர்களுக்கு வாழைப்பழம் எறிந்த காலத்தைப் பற்றிச் சொன்னார். "நீங்களும் எறிந்தீர்களா?" என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். "எங்கள் வரிசையில் யாரும் ஒன்றையும் தொடங்கினதில்லை, சிவா" என்றார். அது ஓமா இல்லையா என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

பச்சை முனைக்குத் தலைவன் ஷேன். கிழமை நாட்களில் குழாய் திருத்துகிற வேலை. போட்டி நாட்களில் கைஒலிபெருக்கியோடு முன்கம்பியில் ஏறி, எங்களைப் போலவே மைதானத்துக்கு முதுகு காட்டி நிற்பான். "இங்கே ஆட்டத்தைப் பார்க்காத மடையர்கள் நீயும் நானும்தான்" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பான். ஆள் பழகுவதற்கு நல்லவன். அவன் கை காட்டினால் ட்ரம் தொடங்கும், ட்ரம் தொடங்கினால் முனை முழுக்கப் பாடும். அந்த ட்ரம்மை அடித்தவன் கோகுலன், என் நண்பன் தவராசாவின் மகன்.

கோகுலனைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். சனிக்கிழமை தோறும் மிருதங்க வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். அரங்கேற்றத்துக்கு மண்டபம் பிடித்து, பெரிய சாப்பாடு வைத்து, இந்தியாவிலிருந்து பாடகரைக்கூட வரவழைத்தான் தவராசா. நானும் மனைவியும் முன்வரிசையில் இருந்து பார்த்தோம். தாளம் பிசகாத கை அவனுக்கு. பிறகு, எல்லா வீடுகளிலும் நடக்கிற மாதிரி, மிருதங்கம் கராஜுக்குள் போய்விட்டது. நான் சொல்கிற காலத்தில் அவன் முப்பதைத் தொடுகிறவன். ட்ருகனினாவில் ஒரு களஞ்சியசாலையில் அணித்தலைவன். அவன் அணியில் பாதிப் பேர் ஆபிரிக்காவிலிருந்து வந்த பிள்ளைகள்.

ட்ரம்முக்குள் தீக்குழாய் ஒளித்துக் கொண்டுவருவது வழக்கம் என்பதால், ஒவ்வொரு போட்டிக்கும் வாசலில் வைத்து அதைத் திறந்து பார்க்க வேண்டும். அந்த வேலை என்னுடையது.

"அங்கிள், என்னிலை உங்களுக்கு நம்பிக்கையில்லையோ?" என்பான்.

"உன்னிலை இருக்கு. உன்ரை ட்ரம்மிலைதான் இல்லை."

"கமோன் அங்கிள், கிக்-ஓவ் ஆகப்போகுது."

தவராசாவுக்கோ தலைகால் தெரியாத பெருமை. அரங்கேற்றத்தின்போதுகூட நான் அவனை அப்படிப் பார்த்ததில்லை. பிறந்தநாள் வீடுகளில் தொலைபேசியை நீட்டிக்கொண்டு வருவான். "பார் மச்சான், இத்தினை வெள்ளையளும் என்ரை மோன்ரை கைக்குத்தான் தாளம் பிடிக்கிறாங்கள். இந்த நாட்டிலை எங்களை ஆர் இப்பிடித் தங்கடை ஆளா எடுத்தது, சொல்லு பாப்பம்?" நானும் தலையாட்டினேன். எனக்கும் உள்ளுக்குள் சந்தோசமாகத்தான் இருந்தது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பச்சைக்கும் ஊதாவுக்கும் போட்டி. ஊதாவின் ஓரத்து ஆட்டக்காரன் பீற்றர், தென் சூடானிலிருந்து அகதிகளாக வந்த குடும்பத்துப் பிள்ளை, முதல் பாதியில் ஒரு கோல் அடித்திருந்தான். அது எதிரே இருந்த முகங்களைப் பார்த்ததும் எனக்கு விளங்கியது. இரண்டாம் பாதியில் ஊதாவுக்கு ஒரு கோர்னர் உதை கிடைத்தது. மைதானத்து மூலையிலிருந்து பந்தை உதைக்க வேண்டும். அந்த மூலை எங்கள் முனைக்குக் கீழே, என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பீற்றர் ஓடிவந்து பந்தை வைக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

ஷேன் கைஒலிபெருக்கியைக் கீழே வைத்தான். போட்டி நடக்கும்போது அவன் அதைக் கீழே வைத்து நான் பார்த்ததேயில்லை, அதனால்தான் கவனித்தேன். கழுத்துச் சால்வையை மூக்குக்கு மேலே இழுத்துக்கொண்டு, வெறும் வாயால் தொடங்கினான். குரங்குச் சத்தம். அவனைச் சுற்றி நின்ற வரிசையும் சால்வைகளை இழுத்துக்கொண்டு எடுத்தது. முதலில் அங்கொன்று இங்கொன்றாக, ஒழுங்கில்லாமல், சிரிப்போடு. கோகுலனுடைய கைகள் ட்ரம்மின் மேல் சும்மா இருந்தன. அவன் ஷேனைப் பார்த்தான். ஷேன் கை காட்டவில்லை, புருவத்தை மட்டும் உயர்த்தினான்.

கோகுலன் அடித்தான்.

சிதறிக் கிடந்த சத்தம் அந்த அடியோடு ஒன்றாகச் சேர்ந்தது. படிகள் முழுவதும் ஒரே வாயாகிவிட்டது. அத்தனை முகங்களும் என் தலைக்கு மேலாக, எனக்குப் பின்னால் நின்ற அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு அந்தச் சத்தத்தைப் போட்டன. எத்தனையோ கேட்டவன் நான். இப்படியொன்றைக் கேட்டதில்லை.

றேடியோவை அழுத்தினேன். "இனவெறிச் சத்தம். ஆட்டத்தை நிற்பாட்டச் சொல்லுங்கள்."

"முகம் சொல், சிவா. தயவு செய்து."

"தொடங்கினது ஷேன். பிறகு அவன் வரிசை. பிறகு ட்ரம்."

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அவர் கண்ணாடியைத் துடைக்கிறார் என்று தெரிந்தது. பிறகு சொன்னார், "கமெராவில் எல்லாம் சால்வையாக இருக்கிறது. ட்ரம் தெரிகிறது. அவன் முகம் தெரிகிறது. அவனை வெளியே எடு, தயவு செய்து."

ட்ரம் அடிக்கிறவனுக்குச் சால்வையை இழுக்கக் கை இல்லை. அவ்வளவுதான் விசயம்.

மத்தியஸ்தர் ஆட்டத்தை நிற்பாட்டியிருந்தார். நானும் இன்னொருவரும் மேல்படியால் இறங்கினோம். நான் கதைக்கிற ஆள். மற்றவர் கைகளைப் பார்க்கிறவர். தோளை இறுக்கிக்கொண்டு சுவருக்காகக் காத்திருந்தேன். சுவர் வரவில்லை. ஒருவர் பின் ஒருவராக ஒதுங்கி எங்களுக்கு வழி விட்டார்கள். ஒருவனும் துப்பவில்லை, ஒருவனும் சட்டையைப் பிடிக்கவில்லை. ஒருத்தன் ட்ரம்மைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டான். பத்திரமாக.

"அங்கிள், நான் மட்டும் இல்லையே. எல்லாரும்தானே" என்றான் கோகுலன்.

"கீழை பாத்து நட, தம்பி" என்றேன்.

படியிறங்கும்போது அவன் ஒருமுறை திரும்பி ஷேனைப் பார்த்தான். ஷேன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஆட்டத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தான்.

பொழுதுபடுவதற்குள் ஒரு சின்ன வீடியோ எல்லாத் தொலைபேசிகளிலும் ஓடியது. யாரோ பக்கத்திலிருந்து எடுத்தது. அதில் ஒரு ட்ரம், இரண்டு மண்ணிறக் கைகள், கோகுலனுடைய முகம். பச்சைக் கழகம், ஒரு தனிநபரின் செயலுக்காக வருந்துவதாக அறிவித்தது. ஆதரவாளர் சங்கம், அந்த நபர் தங்களுடைய அங்கத்தவரே இல்லை என்றது. மூன்று வருடம் அவன் கைக்குப் பாடியவர்கள். கீழே கருத்து எழுதினவர்களுக்குக் கொண்டாட்டம். பாருங்கள், இனவெறி வெள்ளைக்காரனிடம் இல்லை, வந்தவர்களிடம்தான் இருக்கிறது என்று ஆளாளுக்கு எழுதினார்கள். முழு முனையின் பழியையும் அவன் ஒருவன் தலையில் கட்டிவிட்டார்கள்.

போட்டி முடிந்தபின் கட்டுப்பாட்டு அறையில் எல்லாக் காவலரும் கண்டதைச் சொல்வோம், ரொன் இரண்டு விரல்களால் தட்டித் தட்டி எழுதுவார். மற்றவர்கள் ட்ரம் என்றார்கள். நான் ஷேன் என்றும் சொன்னேன், கோகுலன் என்றும் சொன்னேன். ரொன் மற்றவர்களை அனுப்பிவிட்டு என்னை இருக்கச் சொன்னார்.

"எங்கள் கமெராப் படத்தில் சத்தம் இல்லை. வாய் மூடியிருக்கிறவன்தான் தொடங்கினான் என்று எப்படிக் காட்டப்போகிறாய்?"

"காட்ட முடியாது. சொல்ல முடியும்."

"அந்தப் பெடியனுடைய குடும்பம் உனக்குப் பழக்கம்."

"ஓம். அதனால்தான் அவன் அடித்ததையும் சொல்கிறேன்."

கண்ணாடியைக் கழற்றினார். அன்றைக்கு நெடுநேரம் துடைத்தார். "நீ சொன்னதில் ஒரு சொல்லும் குறைக்காமல் உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்கு அனுப்புகிறேன்" என்றார். "ஆனால் அதில் எந்தப் பாதி அவர்களுக்குத் தேவை என்று யோசித்துப் பார்." ஒரு சொல்லும் குறைக்காமல்தான் அனுப்பினார். விசாரணைக்கு மட்டும் வரவில்லை.

அடுத்த கிழமை தவராசா வீட்டுக்கு வந்தான். கதிரையில் இருக்கவில்லை. மனைவி கொண்டுவந்த தேத்தண்ணியைத் தொடவுமில்லை.

"சிவா, அவன் வாயைத் திறந்தவனோ? இல்லைத்தானே. தாளம்தானே போட்டவன். பாடினவனை விட்டிட்டுப் பக்கவாத்தியக்காரனைப் பிடிக்கிறதோ?"

"பாடினவனையும் சொல்லியிருக்கிறன், மச்சான்."

"அவனை மட்டும் சொல்லு. காணும். என்ரை மோன் என்ன சத்தம் எண்டு தெரியாமல் அடிச்சவன் எண்டு சொல்லிவிடு."

"அவன் தெரிஞ்சுதான் அடிச்சவன். நான் முன்னுக்கு நிண்டு பாத்தனான், தவம்."

"பாத்தா? பாத்ததெல்லாம் சொல்லோணுமே? அவன்ரை வேலையிலை எல்லாம் சூடான் பெடியள். இப்பவே ஒருத்தரும் அவனோடை சாப்பிடுறேல்லை. வேலையும் போகப்போகுது. உன்னட்டை நான் இதுவரைக்கும் ஏதும் கேட்டிருக்கிறனே?"

கேட்டதில்லை. நான் வந்த புதிதில் எனக்கு இருக்க இடம் தந்தவன் அவன். அதை அவன் வாய் திறந்து சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவுமில்லை. அன்றைக்கு எனக்குப் பின்னால் நின்ற பீற்றரின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்காததாலேயே அது என்னை விடவில்லை என்று அவனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, என்னைப் பாராமல் சொன்னான். "ஊரிலை சாக்குப் போட்டுக்கொண்டு இருந்து தலையாட்டினவங்கள். நீ முகத்தைத் திறந்துகொண்டு ஆட்டுறாய். அதுதான் வித்தியாசம்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஊரில் சுற்றிவளைப்பு நடக்கும்போது இராணுவம் எங்களை வரிசையில் நடத்திக்கொண்டு போகும். முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவன் ஜீப்பில் இருப்பான். அவன் தலையாட்டினால் ஆள் திரும்பி வரமாட்டான். எங்களிடையே ஒருவனைத் தலையாட்டி என்பதைவிடக் கேவலமாகச் சொல்ல ஒரு சொல் இல்லை. நானும் தவராசாவும் ஒரே வரிசையில் அப்படி ஒருவனைக் கடந்து நடந்தவர்கள். தவராசா போனபின் நான் குசினிக்குள் போய் நின்று அழுதேன்.

விசாரணை உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் அலுவலகத்தில் நடந்தது. வெளியே நடைக்கூடத்தில் பீற்றர் தனியாக ஒரு கதிரையில், கையில் ஆறிப்போன கோப்பியோடு இருந்தான். அவன் முகத்தை அப்போதுதான் முதன்முதலாக நேரே பார்த்தேன். இவ்வளவு சின்னப் பிள்ளையா என்று இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று கிட்டப் போனேன். அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே மூன்று பேர், மரியாதையான ஆட்கள். கோகுலன் அடித்ததை நான் சொன்னபோது ஒருவரும் குறுக்கிடவில்லை. எழுதிக்கொண்டார்கள். ஷேனைப் பற்றித் தொடங்கியதும் கேள்விகள் வந்தன. இத்தனை நூறு பேருக்குள் முதல் சத்தம் ஒருவருடைய வாயிலிருந்துதான் வந்தது என்று எப்படி நிச்சயமாகச் சொல்கிறீர்கள்? வாய் சால்வைக்குள் இருந்ததல்லவா? புருவத்தை உயர்த்தினார் என்கிறீர்கள், புருவத்தை உயர்த்துவது குற்றமா? கடைசியில், மிகவும் தணிந்த குரலில், குற்றம் சாட்டப்பட்டவருடைய குடும்ப நிகழ்ச்சிகளுக்கு நீங்கள் போவதுண்டா என்று கேட்டார்கள். அரங்கேற்றத்துக்குப் போனதைச் சொன்னேன். அரங்கேற்றம் என்றால் என்ன என்று கேட்டார்கள். பிள்ளை முதன்முதலாக மேடையேறி வாசிக்கிற நாள் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

என் சாட்சியத்தில் பாதியை நம்பினார்கள். கோகுலனுக்கு எல்லா மைதானங்களிலும் ஆயுள் தடை. ஷேனைப் பற்றிப் போதிய ஆதாரம் இல்லை. அதோடு, காவலரில் ஒருவர் தன் சமூகத்து இளைஞன் மீதுள்ள பரிவினால் பொறுப்பைப் பகிர முயன்றிருக்கக்கூடும் என்றும் ஒரு வரி எழுதியிருந்தார்கள். தவராசாவுக்கு நான் காட்டிக்கொடுத்தவன். அவர்களுக்கு நான் காப்பாற்றப் பார்த்தவன். வாசித்துவிட்டுச் சிரித்தேன், நல்ல சிரிப்பில்லை.

கோகுலன் வேலையை விட்டான். யாரும் நிற்பாட்டவில்லை, இருக்க முடியவில்லை. சிட்னியில், கிரவீனில் இருக்கிற மாமன் வீட்டுக்குப் போக முடிவு செய்திருந்தான். போவதற்கு முன் ஒரு நாள் கடைக் கார்த்தரிப்பிடத்தில் என்னைக் கண்டான். ஒதுங்கிப் போய்விடுவான் என்று நினைத்தேன். காரின் பின்கதவில் சாய்ந்துகொண்டு நின்றான்.

"அப்பா உங்களைப் பேசினது தெரியும், அங்கிள். ஐ ஆம் சொறி."

"அதை விடு. உன்னட்டை ஒண்டு கேக்கோணும். ஏன்ராப்பா அடிச்சனி?"

அவன் கார்ச் சாவியைக் கையில் உருட்டினான். "என்ன சத்தம் எண்டு தெரியும். ஷேன் என்னைப் பாத்தவன். நான் அடிக்காட்டி நான் ஆர் அங்கை? மூண்டு வருசமா நான் அடிச்சா பாதிப் பேர்தான் ஒழுங்காப் பிடிப்பாங்கள், மற்றவங்கள் எங்கையோ போவாங்கள். அண்டைக்கு ஒருத்தனும் பிசகேல்லை, அங்கிள். அது எனக்கு..." நிறுத்திவிட்டான். "இட் ஃபெல்ற் குட். நல்லா இருந்தது. அதுதான் பிரச்சினை."

எனக்கு அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு வரேக்கை வழி விட்டவங்கள். கண்டனீங்களே?" என்றான்.

"கண்டனான்."

"நானும் கண்டனான்" என்றான். "சரி அங்கிள், போட்டு வாறன்."

அதற்குப் பிறகு நான் அவனைக் காணவில்லை. தவராசா கோயிலில் கண்டால் தூணுக்கு மற்றப் பக்கத்தால் போவான்.

அடுத்த வருடம் பச்சைக்கும் ஊதாவுக்கும் மறுபடி அதே மைதானத்தில் போட்டி வந்தது. ரொன் முன்கூட்டியே கூப்பிட்டு, கார்த்தரிப்பிட வாசலில் நிற்கிறாயா, தயவு செய்து என்று கேட்டார். விசாரணையில் நான் ஷேனின் பெயரைச் சொன்னது முனை முழுக்கத் தெரிந்திருந்தது, என் நன்மைக்குத்தான் கேட்டார். நான் என் பழைய இடத்தில்தான் நிற்பேன் என்றேன். பிடிவாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எதை நிரூபிக்கப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

அந்த முனையில் ட்ரம் இல்லை. ஷேன் அதே கம்பியில், அதே கைஒலிபெருக்கியோடு நின்றான். என்னைக் கண்டு தலையசைத்தான், பழைய சிநேகிதனைக் கண்ட மாதிரி. இரண்டாம் பாதியில் கைஒலிபெருக்கியைக் கீழே வைத்தான். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

சத்தம் தொடங்கியது. ட்ரம் இல்லாததால் கைதட்டித் தாளம் போட்டார்கள். இந்த முறை அவர்களுடைய கண்கள் என் தலைக்கு மேலாகப் போகவில்லை. நேரே என் முகத்தில் நின்றன. எனக்குத் தெரிந்த முகங்கள். வாசலில் பையைத் திறந்து காட்டும்போது பிள்ளைகளின் சுகம் விசாரித்த முகங்களும் அதற்குள் இருந்தன. றேடியோவை அழுத்திச் சொன்னேன். "முகம் சொல், சிவா" என்றார் ரொன். எல்லாம் சால்வை என்றேன். பிறகு கைகளை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கண் இமைக்கவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை.

அப்போது எனக்குப் பின்னால் காலடி கேட்டது. கோர்னர் உதை. பந்தை வைத்தார்கள். உதை வரவில்லை. மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல், மிகவும் மெதுவாக, ஆங்கிலத்தில் கேட்டது.

"அங்கிள், இது எனக்கா, உங்களுக்கா?"

பீற்றர். நான் திரும்பவில்லை. திரும்பக்கூடாது.

"இன்றைக்கு எனக்கு" என்றேன்.

அவன் பந்தைத் தூக்கித் திரும்ப வைப்பது கேட்டது. பிறகு, "ஐ ஆம் சொறி" என்றான்.

அந்தச் சொல்லை அந்த ஒரு வருடத்தில் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. கழகம் ஊருக்கு அறிவித்ததே தவிர அவனிடம் சொல்லவில்லை, மூன்று பேர் இருந்த அந்த மேசை சொல்லவில்லை, நடைக்கூடத்தில் கிட்டப் போன நானும் சொல்லவில்லை. அவன் எனக்குச் சொன்னான். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பந்து உதைபட்ட சத்தம் கேட்டது.

எதிரே இருந்த முகங்கள் எல்லாம் சிரித்தன. கோல் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.